வேருக்கு இனிப்பு வேண்டுமா?

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், தாவரவியல்)

முல்லைக்குத் தேர் ஈந்த வள்ளலைப் பற்றிப் பள்ளிப் பருவத்திலேயே படித்துவிட்டோம். பற்றிப் படர ஒன்றுமின்றித் தவித்த கொடிக்கு அவன் கொடுத்தது பற்றிக்கொள்ள ஒரு தேர். தேனையோ பாலையோ அதன் வேரில் கொட்டவில்லை. கொடிக்கு எது தேவையோ அதை அறிந்து கொடுத்தான். இன்று நம் மாணவ உலகில் வேறு வகை வள்ளல்கள் தோன்றியிருக்கின்றனர். அறிவியல் கண்காட்சி என்ற அறிவிப்பு வந்ததும் இவர்கள் கடைக்கு ஓடுகிறார்கள். கோலா ஒரு பாட்டில், ஆரஞ்சுச் சாறு ஒரு பெட்டி, சோடா ஒன்று என்று வாங்கி வந்து பச்சைப்பயற்றுச் செடிகளின் தலையில் வார்க்கிறார்கள்.

இக்காட்சியைக் காணாத நண்பர் நம்மிடையே இருக்க முடியாது. நான்கு பிளாஸ்டிக் குவளைகள், உள்ளே பஞ்சு, பஞ்சின்மேல் பயறு. ஒன்றில் தண்ணீர் என்றும் மற்றவற்றில் பானங்களின் பெயர் என்றும் சீட்டு ஒட்டியிருக்கும். தண்ணீர்க் குவளையில் மட்டும் செடி பசுமையாக நிற்கும். மற்றவை பழுத்தோ அழுகியோ கிடக்கும். பின்னால் தொங்கும் அட்டையில் வண்ண எழுத்துக்களில் முடிவு காணப்படும்: “குளிர்பானம் செடிகளுக்குத் தீங்கானது; ஆகவே மனிதருக்கும் தீங்கானது.” வந்த விருந்தினர் பாராட்டுவார், படம் எடுத்துக்கொள்வார், பரிசும் கிடைக்கும்.

குளிர்பானம் மனிதனுக்கு நல்லதா என்பது மருத்துவர்கள் பேசவேண்டிய பொருள். சர்க்கரை மிகுந்த பானம் பல்லுக்கும் உடல் எடைக்கும் ஆகாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த “ஆகவே” எங்கிருந்து வந்தது? அதே பஞ்சில் பசும்பாலை வார்த்துப் பாருங்கள், பயறு அழுகி நாறும். அதனால் குழந்தைக்குப் பால் நஞ்சு என்போமா? யூரியா கரைத்த நீரை அளவோடு வார்த்தால் செடி செழிக்கும். அதனால் அதை ஒரு தம்ளர் அருந்துவோமா? செடியின் உணவு வேறு, நம் உணவு வேறு. நாம் சர்க்கரையை வாயால் உண்கிறோம். செடியோ காற்றிலுள்ள கரியமில வாயுவையும் கதிரவன் ஒளியையும் கொண்டு அதை இலையிலே சமைத்துக்கொள்கிறது. சமையல்காரன் வீட்டுக்குச் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோவதைப் போன்றதுதான் வேருக்குச் சர்க்கரை வார்ப்பது.

இச்சோதனையே வேண்டாம் என்று நான் வாதிட வரவில்லை. இது நல்ல சோதனை, நாம் அதை வீணடிக்கிறோம் என்பதே என் கட்சி.

‘எந்த நீரை ஊற்றினால் செடி எப்படி வளரும்?’ என்ற கேள்வி தாவரவியலின் மூத்த கேள்விகளுள் ஒன்று. வான் ஹெல்மான்ட் என்ற பெல்ஜியப் பகுதி அறிஞர் 200 பவுண்டு மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள அலரிவகை மரமொன்றை நட்டு, ஐந்தாண்டுகள் நீர் மட்டுமே வார்த்து வந்தார். மரம் 169 பவுண்டுக்கு மேல் ஆயிற்று. மண்ணோ ஏறத்தாழ இரண்டு அவுன்சுதான் குறைந்திருந்தது. மரம் முழுவதும் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு கட்டினார். அவர் மறைந்த பின் 1648-இல் இது அச்சேறியது. அடுத்து வந்த ஜான் உட்வர்டு என்ற ஆங்கிலேயர் அதை அப்படியே ஏற்கவில்லை. புதினா வகைச் செடிகளைக் கண்ணாடிக் குப்பிகளில் வைத்து, ஒன்றுக்கு மழைநீர், ஒன்றுக்குத் தேம்ஸ் ஆற்று நீர், ஒன்றுக்குத் தோட்டத்து மண் கலந்த நீர் என்று வெவ்வேறு நீர் கொடுத்தார். செடியையும் எடைபோட்டார், செலவான நீரையும் எடைபோட்டார். தெளிந்த மழைநீரைவிட ஆற்று நீரிலும், அதைவிட மண் கலந்த நீரிலும் செடி நன்றாக வளரக் கண்டு, நீர் மட்டும் போதாது, அதில் கரைந்து வரும் மண்பொருளும் வேண்டும் என்று 1699-இல் எழுதினார். நம் பிளாஸ்டிக் குவளைகளின் பாட்டனார் இந்த உட்வர்டே. அவரிடம் தராசு இருந்தது. நம்மிடம் வண்ண அட்டை இருக்கிறது.

சரி, அந்தப் பாட்டிலுக்குள் என்னதான் இருக்கிறது? கோலாவையே எடுத்துக்கொள்வோம். 100 மி.லி.க்குச் சுமார் 10.6 கிராம் சர்க்கரை, கொஞ்சம் பாஸ்பாரிக் அமிலம், அழுத்தி அடைத்த கரியமில வாயு, 10 மில்லிகிராம் அளவில் காஃபின், நிறம், மணம். பி.ஹெச். மதிப்பு சுமார் 2.5. பழச்சாற்றை எடுத்தால் சர்க்கரை ஏறக்குறைய இதே அளவில் இருக்கும். அமிலம் மட்டும் சிட்ரிக் அமிலமாக மாறும்.

‘அமிலம் வேரைச் சுட்டுவிடும்’ என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். கண்காட்சி அட்டைகளிலும் அதுவே இருக்கிறது. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 மி.லி. கோலாவிலுள்ள பாஸ்பாரிக் அமிலம் முழுவதையும் நடுநிலையாக்க ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குச் சுண்ணாம்புக்கல் கூடத் தேவைப்படாது. நம் பக்கத்துக் கரிசல் நிலங்களில் சுண்ணாம்பு கலந்த மண் ஏராளம். நூற்றுக்கு இரண்டு பங்கு சுண்ணாம்பு இருந்தாலே ஒரு கிலோ மண்ணில் 20 கிராம் இருக்கிறது. அத்தகைய மண்ணில் கோலாவின் அமிலம் கடலில் கரைத்த பெருங்காயம். ஆனால் பஞ்சில் சுண்ணாம்பும் இல்லை, களிமண்ணும் இல்லை. அங்கே அமிலம் அமிலமாகவே நின்று வேர்த்தூவிகளைத் தாக்கும். ஆக, பஞ்சில் கண்ட முடிவை வயலுக்குச் சொல்லக்கூடாது. பஞ்சில் பயிரிடும் உழவர் எவரையும் நான் கண்டதில்லை.

உண்மையான வில்லன் சர்க்கரை என்பது என் துணிபு. நம் ஆய்வுக்கூடத்தில் ரியோ இலையின் அடிப்புறத் தோலை உரித்துச் சர்க்கரைக் கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்க்கிறோம் அல்லவா? செல்லின் உள்ளிருக்கும் ஊதாநிறச் சாறு சுருங்கிச் சுவரைவிட்டு விலகும். பிளாஸ்மா சிதைவு என்று பதிவேட்டில் படம் வரைவோம். 0.1 மோலார் முதல் 0.5 மோலார் வரை கரைசல்களை வரிசையாகத் தயாரித்து வைப்பார்கள். ஒரு லிட்டர் கோலாவிலுள்ள 106 கிராம் சர்க்கரையை அதன் மூலக்கூறு எடையான 342-ஆல் வகுத்தால் வருவது 0.31. அதாவது அந்த வரிசையின் நட்டநடுவில் கோலா வந்து உட்கார்ந்துகொள்கிறது! அந்தக் கடைப் பாட்டிலை அப்படியே கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டு ஆராய்வதற்கு எவருக்கும் தோன்றாதது வியப்பே.

இன்னும் ஒரு படி போவோம். 0.31 மோலார் கரைசலின் சவ்வூடுபரவல் அழுத்தம் நம் ஊர் வெப்பத்தில் சுமார் 7.7 பார். அமிலத்தில் கிடக்கும் கரும்புச் சர்க்கரை நாளாக ஆகக் குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் உடைகிறது. ஒன்று இரண்டாவதால் அழுத்தமும் இரட்டிக்கிறது. முழுவதும் உடைந்தால் 15 பாரைத் தொடும். இந்த 15 என்ற எண்ணை நாம் வேறோரிடத்தில் படித்திருக்கிறோம். மண் இவ்வளவு இறுக்கமாக நீரைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான பயிர்கள் மீளமுடியாமல் வாடும் என்று நிரந்தர வாடல் நிலைக்குச் சொல்லப்படும் எண் அதுவே. கடல்நீருக்கு அழுத்தம் 25 பார் அளவில். கடல்நீரைத் தென்னந்தோப்பில் பாய்ச்சினால் என்னாகும் என்பது கடற்கரை ஊர் மாணவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பாதிக் கடலை ஒரு பாட்டிலில் அடைத்து, அதில் இனிப்பும் சேர்த்து நாம் வார்க்கிறோம். தொட்டி நிறைய நீர் நிற்க, வேர் தாகத்தால் மாயும். மண் ஏற்கெனவே ஈரமாயிருந்தால் பானம் நீர்த்துப்போய்க் கொடுமை குறையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அத்துடன் முடியவில்லை. மண்ணில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் பசியோடு காத்திருக்கின்றன. கரைந்த சர்க்கரை கண்டால் அவை வேரை முந்திக்கொள்ளும். ஒரு லிட்டர் கோலாவில் 45 கிராம் அளவுக்குக் கார்பன் இருக்கிறது. இதில் பாதியை மூச்சாக வெளியிட்டு மறுபாதியை நுண்ணுயிர்கள் தம் உடம்பாக்கிக்கொண்டால், அந்த உடம்பைக் கட்ட இரண்டு கிராமுக்கு மேல் தழைச்சத்து வேண்டும். 10 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு தழைச்சத்து என்பது பொதுவான கணக்கு. அதை எங்கிருந்து எடுக்கும்? செடியின் தட்டிலிருந்துதான். ஏறக்குறைய 5 கிராம் யூரியாவைத் தொட்டியிலிருந்து களவாடிச் செல்வதற்கு ஒப்பு இது. பின்னர் அவை மடிந்தபின் சத்து மண்ணுக்குத் திரும்பும் என்பது உண்மையே. ஆனால் முப்பது நாளில் கண்காட்சிக்குப் போகவேண்டிய செடிக்கு அந்த ஆறுதல் எதற்கு? போதாக்குறைக்கு அவை மூச்சுவிடப் பிராணவாயுவையும் உறிஞ்சுவதால், ஈரம் நிறைந்த தொட்டியில் வேர் மூச்சுத்திணறும். வெண்பூஞ்சணமும் புளித்த வாடையும் எறும்புச் சாரியும் வருவது இதனால்தான்.

சர்க்கரை மண்ணின் தழைச்சத்தைக் கட்டிப்போடும் என்பது வெறும் ஏட்டுக்கணக்கு அன்று. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இயற்கைப் புல்வெளிகளை மீட்க முயலும் ஆய்வாளர்கள், வளமான மண்ணில் மண்டும் களைகளைப் பட்டினி போடுவதற்காகவே சர்க்கரையை மண்ணில் தூவிப் பார்த்திருக்கிறார்கள். நாம் செடி வளர்க்க ஊற்றுவதை அவர்கள் களை ஒடுக்கத் தூவுகிறார்கள்!

கோலாவில் பாஸ்பரஸ் இருக்கிறதே, அது மணிச்சத்து அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. கைப்பேசிக் காணொலிகளில் ரோஜாவுக்குக் கோலா வார்க்கச் சொல்லும் பெருமக்களின் வாதம் இதுதான். ஒரு லிட்டர் கோலாவில் அது இருப்பது சுமார் 100 மில்லிகிராம். அரை கிராம் டி.ஏ.பி. உரத்தில் அதே அளவு இருக்கிறது. அந்த அரை கிராமின் விலை இரண்டு பைசாவுக்குள் அடங்கும். கரியமில வாயுவோ, செடி அதை இலைத்துளை வழியே காற்றிலிருந்து கொள்வது. மண்ணில் ஊற்றிய வாயு பெரும்பாலும் குமிழியிட்டு ஓடிவிடும். காஃபின் மற்றச் செடிகளின் முளைப்பை அடக்கக்கூடியது என்றாலும் இந்த அளவில் அதைப் பெரிதாகப் பேச வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பையும் கேட்பதே முறை. ‘திசு வளர்ப்பில் செடிக்குச் சர்க்கரை கொடுக்கிறோமே, அது மட்டும் எப்படி?’ என்று வகுப்பில் ஒரு தோழி கேட்டாள். நல்ல கேள்வி. முராஷிகியும் ஸ்கூகும் 1962-இல் வகுத்த ஊடகத்தில் வழக்கமாக லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை சேர்க்கிறோம். வாழைக் கன்றுகள் அதில்தான் உருவாகின்றன. ஆனால் அந்தக் குப்பியை 121 டிகிரி வெப்பத்தில், 15 பவுண்டு அழுத்தத்தில் அவித்து, நுண்ணுயிர் ஒன்றுகூட இல்லாதபடி அடைக்கிறோம். உள்ளே இருக்கும் திசுவும் தானாக உணவு சமைக்கும் அளவுக்கு வளராதது, கைக்குழந்தை போன்றது. அங்கேயும் அளவு கோலாவில் மூன்றில் ஒரு பங்கை எட்டாது. வளர்ந்த கன்றை மண்ணுக்கு மாற்றும்போது வேரிலுள்ள ஊடகத்தைக் கழுவிவிட்டுத்தான் நடுகிறார்கள். ஒட்டியிருக்கும் சர்க்கரை பூஞ்சணத்தை அழைத்துவரும் என்று அஞ்சித்தான்.

பூச்சாடியில் எலுமிச்சைச் சோடா ஊற்றினால் வெட்டிய பூக்கள் கூடுதல் நாள் வாடாமல் நிற்கும் என்பார்கள். அதிலும் உண்மை உண்டு. வெட்டிய பூவுக்கு வேர் இல்லை, இலையும் குறைவு, வெளியிலிருந்து வரும் சர்க்கரை அதற்குக் கைச்செலவுக்கு ஆகிறது, அமிலம் கிருமிகளை அடக்குகிறது. சாகப்போகிற பூவின் சாவைத் தள்ளிப்போடும் வித்தை அது. அதைப் பார்த்து வேருள்ள செடிக்கும் வார்த்தவர்களால்தான் இந்தக் குழப்பம் பாதி பிறந்திருக்க வேண்டும்.

இளநீர் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1941-இல் வான் ஓவர்பீக் என்பவரும் அவர் கூட்டாளிகளும் ஊமத்தையின் மிகச் சிறிய கருக்களைக் குப்பியில் வளர்க்க முயன்று, தேங்காய்க்குள் இருக்கும் நீரைச் சேர்த்தபோது வெற்றி கண்டார்கள். (அவர்கள் கட்டுரையில் ‘தேங்காய்ப் பால்’ என்று எழுதியிருப்பது நாம் துருவிப் பிழியும் பாலை அன்று.) அதற்குக் காரணம் அதன் இனிப்பன்று, செல் பிரிதலைத் தூண்டும் சைட்டோகைனின் முதலிய பொருள்கள் அதில் இருப்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆகவே ‘சாறு செடிக்கு ஆகாது’ என்று ஒரே போடாகப் போட்டுவிடவும் முடியாது. எந்தச் சாறு, அதில் எந்தப் பொருள், எந்தச் செடிக்கு, எத்தனை சொட்டு?

இந்த ‘எத்தனை’ என்ற கேள்வியை எனக்குக் கற்றுத்தந்தது பாடநூல் அன்று. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தாயார் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். கண்காட்சியில் கண்டதை ஒருநாள் அவரிடம் விவரித்தேன். அரிசி களைந்த கழுநீரை முருங்கைக் கன்றுக்கு ஊற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “அது கெடக்கட்டும்டி, எத்தனை ஊத்துனாங்க? மண்ணு எத்தனை இருந்துச்சு?” என்றார். அட்டையில் எழுதியிருந்த பத்து வரிகளில் இந்த இரண்டுக்கும் விடை இல்லை. பரிசு கொடுத்த நடுவர்களும் கேட்டதாகத் தெரியவில்லை. பிறகு என் தாயார், “வெல்லத்தக் கரைச்சு வயலுக்கு விடுறாங்களே, அதுக்கு எந்தப் பயிரும் சாகலியே?” என்று ஒரு குண்டையும் தூக்கிப் போட்டார்.

அவர் குறிப்பிட்டது ஜீவாமிர்தத்தை. 200 லிட்டர் நீரில் 10 கிலோ சாணம், கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயற்றுமாவு, ஒரு பிடி மண் சேர்த்து ஊறவைத்து ஓர் ஏக்கருக்கு விடுவது. நம் ஊர்ப்புறங்களிலும் இயற்கை வேளாண்மையில் ஈடுபட்ட பலர் இதைச் செய்கிறார்கள். அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். 2 கிலோ வெல்லத்தைப் பரப்பினால் சதுர மீட்டருக்கு அரை கிராம். நம் தொட்டியோ 15 செ.மீ. வாயகலம் உள்ளது, அதில் 100 மி.லி. கோலா ஊற்றினால் சதுர மீட்டருக்கு 600 கிராம் சர்க்கரை! ஏறக்குறைய 1,200 மடங்கு. அதுவும் வெல்லம் வயலுக்குப் போகுமுன் பீப்பாயிலேயே பெரும்பகுதி நுண்ணுயிர்களால் தின்று தீர்க்கப்பட்டுவிடுகிறது. வெல்லம் போட்டது பயிருக்காக அன்று, நுண்ணுயிர்களுக்காக. ஜீவாமிர்தம் எவ்வளவு பயன் தருகிறது என்ற வழக்கில் நான் இங்கே தீர்ப்பளிக்கவில்லை. ஆனால் இரண்டையும் ‘இனிப்பு ஊற்றுதல்’ என்று ஒரே பெயரிட்டு அழைப்பது, சமையலுக்குப் போடும் உப்பையும் உப்பளத்தையும் ஒன்றென்பது போலாகும்.

2004-ஆம் ஆண்டில் ஒரு செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. ஆந்திரத்திலும் சத்தீஸ்கரிலும் உழவர் சிலர் பருத்தி, நெல் வயல்களில் பூச்சிமருந்துக்குப் பதில் கோலாவைத் தெளிக்கிறார்கள். பூச்சிகள் குறைந்தன என்கிறார்கள் என்பது செய்தி. முந்தைய ஆண்டுதான் குளிர்பானங்களில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாக டெல்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் அறிவித்திருந்ததால், ‘அதனால்தான் பூச்சி சாகிறது’ என்று பலர் கேலி பேசினர். அந்த எச்சம் நூறு கோடியில் சில பங்கு என்ற அளவினது. வயல் பூச்சியைக் கொல்ல அது போதாது. நிறுவனங்கள் அச்செய்தியை மறுத்தன. வேளாண் அறிஞர் சிலர் சொன்ன விளக்கம் அழகானது: இனிப்பு எறும்புகளை இழுக்கிறது, வந்த எறும்புகள் புழுக்களைத் தின்கின்றன. அப்படியானால் வெல்லக் கரைசலே போதுமே! பூச்சிமருந்தைவிட மலிவு என்று கோலாவை நாடிய உழவனை நான் நகைக்க மாட்டேன். அவன் விலையை ஒப்பிட்டுப் பார்த்தான்; நாம் அதைக்கூடச் செய்வதில்லை. அவனுக்கு இல்லாமற்போனது, அருகிலேயே வெல்லக் கரைசல் தெளித்த ஒரு வரப்பும், வெறுந்தண்ணீர் தெளித்த ஒரு வரப்பும்தான்.

இதில் எனக்கு என்ன அக்கறை என்று சிலர் நினைக்கலாம். விடுமுறையில் ஊருக்குப் போனால் எங்கள் தெருவில் என்னைத் தேடி வருகிறார்கள். “செடி படிப்புப் படிக்கிற புள்ள” என்று எனக்குப் பெயர். கடையில் விற்கும் ‘வளர்ச்சி ஊக்கி’ப் புட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இதை மிளகாய்க்கு அடிக்கலாமா என்று கேட்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியப்பா. காணொலியில் சொன்னார்கள் என்று மல்லிகைக்குக் குளிர்பானம் வாங்கிய அக்காவும் உண்டு. பெரியப்பாவின் புட்டி விலை அவருடைய ஒரு நாள் கூலிக்கு மேல். கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விடை காசாகவோ நட்டமாகவோ மாறுகிறது. இந்நிலையில் ‘முடிவு’ என்ற தலைப்பின்கீழ் என்ன வரவேண்டும் என்பதை மூத்த மாணவர் பதிவேட்டிலிருந்து முன்கூட்டியே எழுதிவிட்டு, பின்னர் சோதனையைச் செய்கிற வழக்கம் நம் துறைகளில் நீடிக்கலாமா? செய்முறைத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவள் பெரியப்பாவின் முன்னால் விழித்துக்கொண்டு நின்றால் அந்த மதிப்பெண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது? பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். நேரமும் கருவிகளும் போதாமல், எழுபது பேர் கொண்ட வகுப்பை இரண்டு மணி நேரத்தில் கரையேற்ற அவர்கள் படும் பாட்டை அறிந்தே இதை எழுதுகிறேன். ஆனால் தொட்டியும் மண்ணும் பயறும் கேட்கிற சோதனைக்குக் கருவிப் பஞ்சம் ஒரு தடையாகாது.

என் யோசனை இதுதான். ஆறு வகை நீர் வேண்டும். வெறுந்தண்ணீர், கோலா, சர்க்கரையில்லாக் கோலா, லிட்டருக்கு 106 கிராம் கரைத்த சர்க்கரை நீர், வேதியியல் துறையில் வாங்கிய பாஸ்பாரிக் அமிலத்தால் பி.ஹெச். 2.5-க்குக் கொண்டுவந்த நீர். இருபது மடங்கு நீர்த்த கோலா. சர்க்கரையில்லாக் கோலா நமக்குக் கிடைத்த வரப்பிரசாதம் என்றே சொல்வேன். அமிலம், காஃபின், வாயு எல்லாம் இருக்க, சர்க்கரை மட்டும் இல்லாத பானத்தை ஆய்வாளன் தானே தயாரிக்க வேண்டுமென்றால் எவ்வளவு பாடு! அதைக் கடைக்காரர் தயாராக வைத்திருக்கிறார். அதை வார்த்த செடி பிழைத்து, சர்க்கரை நீர் வார்த்த செடி மாண்டால், குற்றவாளி யார் என்பது தெரிந்துவிடும். இரண்டும் மாண்டால் நான் மேலே எழுதிய பத்திகளைத் திருத்த வேண்டியதுதான்.

ஒவ்வொரு வகைக்கும் ஐந்து தொட்டிகள், ஆக முப்பது. ஒரு குவளை ஒரு செடி என்றால், அந்த ஒரு விதை சொத்தையாயிருந்தால் என்ன செய்வோம்? பத்துநாள் வளர்ந்த நாற்றுகளாக இருக்கட்டும். ஒரே சலித்த மண், ஒரே எடை. எந்தத் தொட்டி எங்கே நிற்பது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். நாமாக வைத்தால் தண்ணீர்த் தொட்டி சன்னலோரத்துக்கும் கோலாத் தொட்டி மூலைக்கும் போய்ச் சேரும்; மனம் அப்படி. ஃபிஷர் 1935-இல் சோதனைகளைத் திட்டமிடுவது குறித்து எழுதிய நூலில் இந்தச் சீட்டுக் குலுக்கலுக்குத்தான் அவ்வளவு மதிப்புக் கொடுத்தார். தொட்டியில் எண் மட்டும் இருக்கட்டும். எந்த எண்ணுக்கு எந்த நீர் என்ற பட்டியல் ஊற்றுபவரிடம் இருக்கட்டும், அளப்பவர் அதைப் பார்க்கக்கூடாது. மூன்று நாளுக்கு ஒருமுறை 100 மி.லி.; இடைப்பட்ட நாட்களில் எல்லாத் தொட்டிக்கும் ஒரே அளவு வெறுந்தண்ணீர். முப்பது நாளைக்குக் கோலா ஐந்து லிட்டரும் சர்க்கரையில்லாதது ஐந்து லிட்டரும், நீர்ப்பதற்குக் கால் லிட்டரும் செலவாகும். அரைக்கிலோவுக்குச் சற்று மேல் சர்க்கரை. வகுப்பில் ஆளுக்குச் சில ரூபாய் போட்டால் முடிந்துவிடும்.

அளவுகோலால் உயரத்தை மட்டும் அளந்து நிறுத்திவிடக் கூடாது. இருட்டில் வைத்த பயறு வெளுத்து நெடுநெடுவென்று வளர்வதை எல்லோரும் கண்டிருக்கிறோம். உயரம் நலத்துக்குச் சான்றாகாது. செடியை வேரோடு எடுத்துக் கழுவி, 70 டிகிரி வெப்பத்தில் இரண்டு நாள் உலர்த்தி எடைபோட வேண்டும். துறையில் உலர்த்தும் அடுப்பும் தராசும் இருக்கின்றன. எந்நாளில் எந்தத் தொட்டியில் பூஞ்சணம் தோன்றியது, எறும்பு வந்தது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். மண்ணுக்குப் பதில் பஞ்சில் வைத்த இன்னொரு வரிசையையும் சேர்த்துக்கொண்டால் அமிலத்தைப் பற்றி நான் சொன்னது சரியா என்பது விளங்கும். சோடா ரசிகர்கள் விரும்பினால் ஏழாவது வகையாகக் கோலி சோடாவையும் சேர்க்கலாம், எனக்கு மறுப்பில்லை.

கிடைக்கும் எண்களை அடுத்த ஆண்டு மலரில் அப்படியே அச்சிட வேண்டும் என்று ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். நீர்த்த கோலாத் தொட்டிச் செடி தண்ணீர்த் தொட்டிச் செடியைவிடக் கனமாக இருந்தாலும் அப்படியே. தாவரவியல் துறையின் பின்புறம் வேப்பமரத்தடியில் பழைய தொட்டிகள் கிடக்கின்றன. எண்ணிப் பார்த்தேன், உடையாதவை முப்பத்து நான்கு. கல்லூரி திறந்ததும் முதல் வேலையாக மண் சலிக்க வேண்டும். அதற்கு நாலைந்து பேர் தேவை. எந்தத் துறை மாணவராயினும் வரலாம்.